இரண்டு விளக்குக்கு ஓர் இடம்

அந்தக் கடைத்தெருவில் கண்ணாடிக்காரரின் கைபடாத மூக்கு குறைவு. இருபத்தாறு வருஷமாக, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் அவர் தொழில். ஒரே எழுத்தை ஒன்பது விதமாகப் படிக்கிற ஆளிடமும் முகம் சுளிக்கமாட்டார். அந்தப் பொறுமையைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வருவார் என்பது அவர் மனைவியின் புகார்.

மனைவிக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. சங்கிலி பிடித்து நிலம் அளந்த காலத்திலேயே சேர்ந்தவர் என்பதால் அலுவலகத்தில் 'சங்கிலியம்மா'. இப்போது கருவிகள் எல்லாம் மாறிவிட்டன, பெயர் மாறவில்லை. தெருவில் நடந்துபோகும்போதே, "அந்தக் கம்பம் முப்பத்திரண்டு மீட்டர் தூரம்" என்பார். போய் அளந்து பார்த்தால் முப்பத்திரண்டுதான் இருக்கும். இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா?

கண்ணாடிக்காரர் ஐம்பது வயதில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினார். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. அகலமான சீட்டு, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் உருண்டையாக ஒரே ஒரு ஹெட்லைட். இந்த வயதில் இது தேவையா என்று கேட்காத உறவுக்காரர்கள் இல்லை. சங்கிலியம்மா மட்டும் கேட்கவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "போலாம்" என்றார். நாலு வருஷம் இருவரும் சுற்றாத இடமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீடு. மாதம் ஒருமுறை கணவாய் ஏறி இறங்கி நாலு மணி நேரத்தில் போய்விடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கணவாயில்தான் விழுந்தார்கள். காலை நேரம், அடர்த்தியான பனி. எதிரே இறங்கி வந்த சின்ன லாரி ஒன்று, ஒதுங்கும் இடத்துக்காகச் சாலையைக் குறுக்கே வெட்டித் திரும்பியது. இவர் பிரேக் பிடித்தார், வண்டி சறுக்கியது. இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, சங்கிலியம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வண்டியில் ஏறவில்லை. மகள் வீட்டுக்கு மலையைச் சுற்றிப் பதினோரு மணி நேரம் பஸ்ஸில் போனார். கண்ணாடிக்காரரும் வாயைத் திறக்காமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் உறையை விலக்கி, பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று பத்து நிமிஷம் வண்டியை ஓடவிட்டு அணைப்பார். ஒருநாள் அப்படி அணைத்துவிட்டு வந்து மனைவியிடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவை வந்து பாரு. பனிக்குன்னு தனியா ரெண்டு லைட்டு மாட்டப்போறேன். அப்பவும் உனக்குப் பயமா இருந்தா வண்டியைக் குடுத்துடறேன். நீ இல்லாம நான் ஓட்டுறதா இல்ல."

சங்கிலியம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "சரி. ஒரு தடவை" என்றார்.

அந்த ஒரு தடவைக்காகக் கண்ணாடிக்காரர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

விளக்கு மாட்டுவதற்கு ஆள் வெளியே தேட வேண்டியதில்லை. சங்கிலியம்மாவின் தம்பியே மெக்கானிக். கையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொள்கிற பேர்வழி, வேலையில் மட்டும் சுத்தம். விளக்குகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கீழ மாட்டணும் மாமா. முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குல, மட்கார்டு பக்கத்துல" என்றான்.

"கண்ணு எங்க இருக்கு மாப்பிள்ளே?"

"மூஞ்சியில."

"அப்ப வெளிச்சம் கண்ணு உசரத்துலேருந்துதானே போகணும்? கண்ணு பாக்குற வழியிலயே வெளிச்சமும் போனா நிழலே விழாது. இருபத்தாறு வருஷமா கண்ணைப் பாக்குறவன் சொல்றேன். மிரர் கம்பியில மாட்டு."

மெக்கானிக் பேசிப் பார்த்தான். இவர் ஒற்றைக்காலில் நின்றார். மாமாவிடம் அதற்கு மேல் மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது என்று, இரண்டு மிரர் கம்பிகளிலும் கிளாம்ப் போட்டு விளக்குகளை மாட்டிக் கொடுத்தான். கண்ணாடிக்காரர் அளவுகோல் வைத்துத் தன் கண்ணுக்கும் விளக்குக்கும் உயரம் சரிபார்த்து, அடுத்த ஞாயிறு விடிகாலையில் தனியாகக் கணவாய்க்குப் போனார்.

பனிக்குள் நுழைந்து சுவிட்சைத் தட்டியதும் சாலை காணாமல் போய்விட்டது. வெளிச்சம் முழுக்கப் பனியில் பட்டு அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. எதிரே வெள்ளைச் சுவர்; அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. விளக்கை அணைத்தால் பரவாயில்லை, போட்டால் குருடு. ஊருக்கே பார்வை சரிசெய்கிறவர் நடந்து போகிறவனைவிட மெதுவாக வண்டியை உருட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

மெக்கானிக் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகமே போதுமாக இருந்தது. "கண்ணு பக்கத்துல லைட்டு இருந்தா, பட்டுத் திரும்புற வெளிச்சமும் கண்ணுக்குத்தானே மாமா வரும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தான். கண்ணாடிக்காரர் அசடு வழிந்தபடி டீ வாங்கப் போனார்.

இந்த முறை விளக்குகள் ஃபோர்க்கில், சக்கரத்தின் அச்சுக்குக் கொஞ்சம் மேலே ஏறின. மறுபடியும் தனியாகப் போய்ப் பார்த்தார். பனியின் அடியில் வெளிச்சம் தவழ்ந்து போனது. வெள்ளைக் கோடு, ஓரத்துச் சரளை, வளைவு எல்லாம் தெரிந்தன. ஹேண்டிலைத் திருப்பினால் வெளிச்சமும் கூடவே திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "வர்ற ஞாயிறு வா" என்றார் மனைவியிடம்.

ஞாயிறு காலை சங்கிலியம்மா வந்தார். வண்டியில் வரவில்லை, தம்பியின் வேனில் வந்தார். கணவாயின் நீண்ட நேர்ச்சாலை முடிகிற வளைவில் இறங்கி, வேனின் பின்கதவைத் திறந்து ஒரு கட்டு முளைக்குச்சிகளையும் அளவு நாடாவையும் எடுத்தார். கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இது எதுக்கு? ஏறி உக்காரு, சாலை எப்படித் தெரியுதுன்னு நீயே பாரு."

"உங்களுக்குத் தெரியுதான்னு நான் ஏன் பாக்கணும்? எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியுதான்னு பாக்கப்போறேன்." சொல்லிக்கொண்டே பத்து மீட்டருக்கு ஒன்றாகச் சாலையோரத்தில் குச்சிகளை அடித்தார், அறுபது மீட்டர் வரைக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு ரிப்பன். "அந்தக் கோடியில போய்த் திரும்பி மெதுவா வாங்க. என்கிட்டேயிருந்து நாப்பதாவது மீட்டருக்கு நீங்க வந்துட்டீங்கன்னு எனக்குத் தோணும்போது விசில் அடிப்பேன். தம்பி, நீ நடுவுல நின்னு அவர் நெஜமா எங்க இருக்கார்னு பாரு."

கண்ணாடிக்காரர் போனார், திரும்பினார், வந்தார். விசில் அடித்தது. "இருபத்திரண்டு" என்று கத்தினான் மெக்கானிக். இரண்டாம் தடவை இருபத்தைந்து. மூன்றாம் தடவை இருபது.

அக்காவின் முகத்தைப் பார்த்துத் தம்பிக்கே சங்கடமாக இருந்தது. கம்பத்தைப் பார்த்து மீட்டர் சொல்கிறவர், வந்துகொண்டிருக்கும் வண்டியைப் பாதிக்குப் பாதி தப்பாகச் சொல்கிறார். அவ்வளவுதான், வண்டி போயிற்று என்றே கண்ணாடிக்காரர் நினைத்தார். ஓரமாக நிறுத்தி இறங்கி, "எல்லாம் என் தப்பு. அன்னிக்கு எனக்கு மட்டும் சாலை தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க" என்றார் சங்கிலியம்மா. "ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சதாலதான பிரேக் பிடிச்சீங்க? நான் பின்னாடி உங்களைவிட உசரமா உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். அந்த டிரைவர் நம்மளத்தான் பாத்தான். பாத்துக்கிட்டேதான் திரும்பினான். நாம இன்னும் தூரத்துல வர்றோம்னு நெனச்சுட்டான். நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க."

கண்ணாடிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இதை ஏன் நீ சொல்லவே இல்ல?"

"சொல்ல வாயைத் திறந்தாலே நீங்க மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சுடுவீங்க. நானும் விட்டுட்டேன். எனக்கு உங்க மேல பயம் இல்லைங்க, எதிர்ல வர்றவன் மேலதான். அதை எந்த லைட்டு சரி பண்ணும்னு எனக்கே தெரியல. இப்பதான் தெரியுது."

இரண்டு வருஷமாகத் தன் கண்ணையே குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்த மனுஷன் அவர். ஊரிலுள்ளவர்களிடமெல்லாம், "உனக்குத் தெரியுதா?" என்று கேட்டவருக்கு, கட்டிய மனைவியிடம், "நீ என்ன பார்த்தே?" என்று கேட்கத் தோன்றாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

சங்கிலியம்மா அதற்குள் வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "இங்க பாருங்க. ஹெட்லைட்டு நடுவுல. இது ரெண்டும் அதுக்கு நேர் கீழ, ஒட்டுன மாதிரி. பனியில மூணும் கலந்து ஒரே வெளிச்சமாத்தான் தெரியுது. ஒத்தைப் புள்ளியை வச்சுக்கிட்டு யாரும் தூரம் சொல்ல முடியாது. எங்க வேலையிலயும் அப்படித்தான், ரெண்டு முனை வேணும், நடுவுல நல்ல அகலம் வேணும். அப்பதான் கிட்ட வர வர அகலம் கூடுறது கண்ணுக்குப் புரியும். தம்பி, இந்த வண்டியில கீழயும் இருக்கணும், அகலமாவும் இருக்கணும். அப்படி இடம் எது?"

"கிராஷ் கார்டு, அக்கா. ரெண்டு வெளி ஓரமும்." எஞ்சினுக்கு இரு பக்கமும் வளைந்து நிற்கும் அந்தக் குழாயைத் தட்டிக் காட்டினான்.

"அது வண்டியோட உடம்புல இருக்கு மாப்பிள்ளே. ஹேண்டிலைத் திருப்பினா வெளிச்சம் திரும்பாதே" என்றார் கண்ணாடிக்காரர். தோற்றாலும் தொழில் விடாது.

"அதுக்குத்தான் உங்க ஹெட்லைட்டு திரும்புதே, போதாதா?" என்றார் மனைவி. அவர் யோசித்தார். போதும்தான்.

மெக்கானிக் சாலையோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தான். ஒயர் நீளம் போதவில்லை. வேனில் கிடந்த பழைய ஒயரை வெட்டி இணைத்தான். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி இரண்டு விளக்குகளையும் ஒரு மயிரிழை தாழ்த்தினார். கடையில் சட்டத்தை வளைக்கும் அதே விரல்கள். "இப்பவா, முன்னாடியா?" என்று மனைவியைக் கேட்டார். "இன்னும் கொஞ்சம்... ம், இப்ப" என்றார் வளைவில் நின்றிருந்த சங்கிலியம்மா.

மறுபடியும் போனார், திரும்பினார், வந்தார். முப்பத்தெட்டு. அடுத்தது நாற்பத்தொன்று. மூன்றாவது விசில் அடித்தபோது வண்டி நாற்பதாவது குச்சிக்கு நேராக இருந்தது. மெக்கானிக் எண்ணைச் சொல்லாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

சங்கிலியம்மா குச்சிகளைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக் கட்டி, வேனில் வைத்தார். தம்பியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, வேனின் முன்சீட்டிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கொண்டுவந்திருக்கிறார் என்பதையே கண்ணாடிக்காரர் அப்போதுதான் கவனித்தார். "மேல உச்சி வரைக்கும். அப்புறம் திரும்பிடணும்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். வண்டி லேசாக அமுங்கியது. இரண்டு வருஷமாக அந்த எடையைக் காணாத வண்டி.

மூன்றாவது வளைவில் எதிரே ஒரு லாரி. பனிக்குள் அதன் இரண்டு விளக்குகளும் மங்கலாக வந்தன. கண்ணாடிக்காரரின் கை தானாக இறுகியது. லாரி வெகுதூரத்திலேயே வேகம் குறைத்து, தன் ஓரத்தில் ஒதுங்கி, விளக்கைத் தாழ்த்தி இவர்களுக்கு வழிவிட்டது.

"பாத்துட்டான்" என்றார் சங்கிலியம்மா.

அடுத்து ஒரு கார். "இவனும் பாத்துட்டான்." அதற்கடுத்து பஸ். "பாத்துட்டான்." ஒவ்வொன்றுக்கும் கணக்கெடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். உச்சியில் கண்ணாடிக்காரர் சொன்னபடி வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏன் நிறுத்துறீங்க?"

"நீதானே திரும்பணும்னு சொன்னே. மாற்றுத்துணிகூட எடுத்துட்டு வரலயே."

"மகளோடதைப் போட்டுக்கறேன். நீங்க மருமகனோட சட்டையைப் போட்டுக்குங்க, முழங்கால் வரைக்கும் வரும். போங்க."

இறக்கத்திலும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. நாலாவதுக்குச் சொன்னார், ஐந்தாவதுக்கும், ஆறாவதுக்கும் சொன்னார். ஏழாவது ஒரு பெரிய லாரி. உறுமிக்கொண்டு பக்கத்திலேயே கடந்து போனது. கண்ணாடிக்காரர் காத்திருந்தார். பின்னாலிருந்து குரல் வந்தது. மகள் இந்நேரம் எழுந்திருப்பாளா, போய்க் கதவைத் தட்டினால் திட்டுவாளா என்று கேட்டது.