பழவங்காடியில் இரண்டாவது தேங்காய்

காலை எட்டு நாற்பதுக்குப் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் திரும்பிப் பார்த்தேன். மகள் அபிராமி என் பின்னால் இல்லை.

விடியற்காலையில் நாகர்கோவிலில் ரயிலேறி, ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் வந்து, திருவனந்தபுரம் ரயில் நிலையத்திலிருந்து கோயில் இருக்கும் கிழக்கேகோட்டைக்கு நடந்தே வந்திருந்தோம். பதினோரு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அவளுக்கு வயது பதினான்கு. இதய அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு. இனி ஓடலாமா, விளையாடலாமா என்று மருத்துவர் இன்று சொல்வார். மூன்றாம் மாதமே பை தூக்கலாம் என்று அவர் சொல்லியும், அவளுடைய பள்ளிப் பையை இதுவரை நான்தான் சுமக்கிறேன்.

இந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய்தான் முக்கியம். தடை நீங்க வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் கல்லில் ஓங்கி எறிகிறார்கள். சத்தம் ஓய்வதே இல்லை; தரையெல்லாம் ஈரம், இனிப்பு வாசம். நாற்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன்.

"நான் எறியட்டாப்பா?"

"நீ தள்ளி நில்லு மக்ளே. தெறிக்கும்."

அவளுக்காக நானே எறிந்தேன். ஒரே வீச்சில் சிதறியது. கோயில் வழக்கப்படி கழற்றியிருந்த சட்டையை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வெளியே வந்த பிறகுதான் அவள் இல்லாதது தெரிந்தது.

கோயிலை ஒரு சுற்று சுற்றினேன். எதிரே சாலையில் பேருந்துகள் நகர்ந்துகொண்டிருந்தன. அவளிடம் போன் கிடையாது, மலையாளமும் வராது. அவளுடைய மருத்துவக் கோப்பும் என்னிடம்தான் இருந்தது.

தேங்காய் விற்ற அம்மாளிடம் போனேன். "சேச்சி, எம் பொண்ணக் கண்டீங்களா? மஞ்சள் சுரிதார்."

"பேடிக்கண்டா அண்ணாச்சி, பயப்படாதீங்க. இப்பத்தான் ஒரு தேங்கா வாங்கிச்சு. நான் தூக்கிட்டு வரட்டான்னு கேட்டேன். எனக்குக் கையில்லையான்னு கேக்குது!" என்று சிரித்தார். "வேண்டிக்கிட்டவங்கதானே எறியணும்? நீங்க எறிஞ்சா எப்படி?"

அவளைத் தேடி உள்ளே போகவில்லை. கடை ஓரமாகவே நின்றேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சுரிதார் முன்பக்கம் நனைந்திருந்தது. தலைமுடியில் ஒரு சின்னத் தேங்காய்ச் சில்லு. மூச்சு வாங்குகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். வாங்கவில்லை.

"மொதல் தடவ எறிஞ்சப்ப உடையலப்பா, உருண்டு போச்சு. ஒங்களக் கூப்பிடலாமான்னு நெனச்சேன். பொறவு நானே போய் எடுத்துட்டு வந்து இன்னொருக்க எறிஞ்சேன். செதறிப் போச்சு."