எட்டு ஜோடி ஸ்கீ, ஒரே நீளம்

நுமாதா சிஹாருவின் பொறுமையைச் சோதிக்கும் கேள்வி ஒன்று உண்டு. கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவார்கள். இருப்பதிலேயே நல்ல ஸ்கீ எது?

இருபத்திரண்டு வருடமாக அவள் அதற்குப் பதில் சொன்னதில்லை. திருப்பி நான்கு கேள்விகள் கேட்பாள். எடை எவ்வளவு, எந்த மலைக்குப் போகிறீர்கள், ஏறுவதும் காலாலா அல்லது இறங்குவது மட்டும்தானா, கடைசியாக எப்போது எங்கே விழுந்தீர்கள். ஆண்கள் எடையில் பத்துக் கிலோவைக் கழித்துக்கொண்டு, திறமையில் பத்து வருடத்தைக் கூட்டிக்கொண்டு பதில் சொல்வார்கள். பெண்களோ சிறு வயதிலிருந்தே பனியில் ஓடி வளர்ந்திருந்தாலும், எனக்கு அவ்வளவாக வராது என்பார்கள். இரண்டு பொய்க்கும் நடுவில் ஓர் உண்மையான ஆளைத் தேடிக் கண்டுபிடித்து அவருக்கு ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகையைக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஐம்பத்தொரு வயதில் அது அவளுக்கு நன்றாகவே சலித்திருந்தது.

தொகாச்சி மலைகளின் மேற்கு அடிவாரத்தில் இருந்த ஷிரதோரி, எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சிற்றூர். கணவன் ஷோஜி நாற்காலி, மேசை செய்யும் பட்டறையின் பாதியைத் தடுத்து, அதில் சிஹாரு கடை வைத்திருந்தாள். மரத்தூள் வாசனையும் மெழுகு வாசனையும் கலந்தே இருக்கும். விளிம்பு தீட்டுவது, அடியில் மெழுகு தேய்ப்பது, பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பூட்டைத் துளையிட்டுப் பொருத்துவது எல்லாம் அவள் கைவேலை. அந்தத் துளையைத் தப்பான இடத்தில் போட்டால் போட்டதுதான், ஸ்கீ பாழ். அதனால் துரப்பணத்தைக் கையில் எடுத்துவிட்டாளானால் ஷோஜிகூடப் பேச்சுக் கொடுக்க மாட்டான்.

ஊரில் எட்டுப் பேர் கொண்ட மலைமீட்புக் குழு ஒன்று இருந்தது. சிஹாருவும் அதில் ஒருத்தி. அந்தச் சரிவுகளில் ஆளை மேலே கொண்டுபோகும் நாற்காலிக் கம்பிவடம் எதுவும் கிடையாது. ஸ்கீயின் அடியில் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு, அது பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள, நடந்தே ஏற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்து மடித்து வைத்துக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டும். குழுவின் ஸ்கீகள் கிழடு தட்டிப்போயிருந்தன. நவம்பரில் நகராட்சி ஒருவழியாகப் புதியவை வாங்கித்தர ஒப்புக்கொண்டது. சிஹாரு சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் குசகாபே கடைக்கு வந்த வியாழக்கிழமை வரைக்கும்தான்.

குசகாபே நகராட்சியில் பேரிடர்ப் பிரிவின் தலைவர். ஐம்பத்தாறு வயது, ஒழுங்கான மனிதர், எதையும் கிளிப் பலகையில் செருகிக்கொண்டுதான் வருவார். அன்று கொண்டுவந்த படிவத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ஸ்கீ, எட்டு ஜோடி, நூற்று எண்பத்து நான்கு சென்டிமீட்டர் நீளம், நடுவில் நூற்று இருபத்திரண்டு மில்லிமீட்டர் அகலம். சப்போரோவில் இருக்கும் அவருடைய அக்கா மகன், பொடிப்பனிக்கு அகலம் கூடக் கூட நல்லது என்று சொல்லியிருந்தானாம். ஷிரதோரியின் பெருமையே பொடிப்பனிதானே என்றார்.

சிஹாரு முதலில் மரியாதையாகத்தான் தொடங்கினாள். அகலமான ஸ்கீ பொடிப்பனியில் மிதக்கும், ஆனால் காற்றடித்து இறுகிய சரிவில் விளிம்பு பிடிக்காமல் கணுக்காலை முறுக்கும் என்றாள். எடை குறைந்தது ஏறும்போது சுகமாக இருக்கும், இறுகிய பனியில் இறங்கும்போது படபடவென்று அதிரும். நீளமானது கனத்த ஆளைத் தாங்கும், மெலிந்த ஆளைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். நம் குழுவிலோ நாற்பத்தேழு கிலோ நர்ஸும் இருக்கிறாள், மாடு வளர்க்கும் இவாபுச்சியும் இருக்கிறான். குசகாபே எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, தீயணைப்புக் குழாய்கள் ஒரே அளவில்தானே இருக்கின்றன, அவசரத்தில் யார் எதை எடுத்தாலும் பொருந்த வேண்டாமா என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் சிஹாருவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"குசகாபே-சான், எட்டுப் பேருக்கும் ஒரே சைஸ் பூட்ஸ் வாங்குவீங்களா?"

"பூட்ஸ் வேற. அது கால்ல போடறது."

"இதுவும் கால்லதாங்க போடறது."

அவர் கிளிப் பலகையைப் பார்த்தார். படிவத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, நுமாதா-சான் என்றார், ஏதோ அந்த வரியை மலையே போட்டு அனுப்பியது போல. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்காரர்களிடம் இரவல் வாங்கிய ஸ்கீகளோடு எல்லோரும் மலைக்குப் போவது, மீட்புப் பயிற்சியும் அப்போதே செய்துவிடுவது. குசகாபேயும் வருவார். அவர் தேர்ந்தெடுத்ததிலேயே இரண்டு ஜோடி வரவழைக்கச் சொன்னார்.

அதற்கு முந்தைய வாரம் சிஹாரு ஒவ்வொருவரையும் கடைக்கு வரவழைத்தாள். விழுந்தால் பூட்டு எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை ஆளின் எடையை வைத்துத்தான் திருக வேண்டும். இவாபுச்சி எண்பத்திரண்டு என்றான். சிஹாரு அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பக்கத்து உருளைக்கிழங்குக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினாள். தொண்ணூற்றேழு காட்டியது.

"உடுப்பு கனம் அக்கா," என்றான்.

"பதினஞ்சு கிலோ உடுப்பா? இந்த எண்பத்திரண்டை நம்பித் திருகியிருந்தேன்னா, நீ ஒவ்வொரு திருப்பத்துலயும் ஸ்கீய விட்டுட்டுத் தனியாப் போவே."

அவனுக்கும் அகலமானதுதான் வேண்டுமாம். வீடியோவில் பார்த்திருந்தான். சிஹாரு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, நடுத்தர அகலத்தில் விறைப்பான ஒரு ஜோடிக்கு அவனைச் சம்மதிக்க வைத்தாள். மற்றவர்களோடும் இப்படியே ஒரு பாடு. எல்லாம் முடிந்து அலுத்து உட்கார்ந்திருந்தபோது, மருத்துவமனை வேலை முடிந்து மினோவா ஃபுமியே வந்தாள். நாற்பத்தேழு கிலோ நர்ஸ் இவள்தான். எடையைச் சரியாகச் சொன்னாள். எந்த மாதிரி ஸ்கீ பிடிக்கும் என்று கேட்டதற்கு, எது குடுத்தாலும் சரிதான், சமாளிச்சுக்குவேன் என்றாள். சிஹாருவுக்கு அப்பாடா என்றிருந்தது. மிச்சம் இருந்தது குசகாபேயின் இரண்டாவது ஜோடி. அதை அவளுக்கு எழுதிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் வந்தார்கள், குசகாபே ஆறாவது. இரவெல்லாம் பெய்த பனி முழங்காலுக்கு நின்றது. பிர்ச் மரங்களுக்கு நடுவே ஒருமணி நேரம் ஏறி, மரக்காட்டுக்குள்ளேயே ஒருமுறை இறங்கிப் பார்த்தார்கள். குசகாபே அகலமான ஸ்கீயில் படகு போல மிதந்து வந்தார். இடுப்பு உயரத்துக்குப் பனி இருபுறமும் விசிறியடிக்க, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. கீழே வந்து நின்று, பாத்தீங்களா என்று மட்டும் கேட்டார். சிஹாருவால் மறுக்க முடியவில்லை. அந்தப் பனியில் கதவுப் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் அழகாகத்தான் இருக்கும். அதை யாரிடம் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே போவோம் என்றாள்.

மேலே மரங்கள் முடிந்து முகடு தொடங்கும் இடத்தில் காற்று பொடிப்பனியை எல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது மட்பாண்டம் போல் இறுகிய வெள்ளைப் பரப்பு. சரிவுக்குக் குறுக்கே நடக்க வேண்டும். பயிற்சிக்காக இவாபுச்சி முன்னாலேயே போய், பாறைக்குப் பக்கத்தில் கால் முறிந்தவனாகப் படுத்துவிட்டான். குசகாபே பத்து அடி வைத்தார். பதினோராவது அடியில் விளிம்பு பிடிக்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லாமல், நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் முப்பது மீட்டர் வழுக்கிப்போய், ஊசியிலைப் புதர் ஒன்றைக் கட்டிப்பிடித்து நின்றார். அடி ஒன்றும் படவில்லை. சிஹாருவுக்குள் ஒரு திருப்தி எழுந்தது. இரண்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தாள் என்றே சொல்லலாம்.

அவர் எழுந்து மேலே ஏறி வந்து சேர்ந்த பிறகுதான், ஃபுமியே தங்களோடு இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

காத்திருந்தார்கள். பாறைக்குப் பக்கத்திலிருந்து இவாபுச்சி, உண்மையிலேயே விறைச்சுப்போயிடுவேன் போலிருக்கே என்று இரண்டு தடவை குரல் கொடுத்தான். இருவர் திரும்பிப்போய்ப் பார்த்துவர, அவள் வந்துகொண்டுதான் இருக்கிறாள் என்றார்கள். முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஃபுமியே தெரிந்தாள். தன்னைவிட ஒரு சாண் உயரமான ஸ்கீகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, ஒவ்வோர் அடியிலும் பாதியைப் பின்னால் வழுக்கி இழந்து, முதுகில் ஒன்பது கிலோ மருந்துப் பையோடு வந்தாள். நேராக இவாபுச்சியிடம் போய் மண்டியிட்டு, பையின் ஜிப்பைத் திறக்கப் பார்த்தாள். திறக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றாள்.

"மன்னிச்சுக்கோங்க. நான்தான் ரொம்ப மெதுவா வந்துட்டேன்," என்றாள்.

சிஹாருவுக்கு மளமளவென்று கோபம் ஏறியது. குசகாபேயின் மேல் என்றுதான் முதலில் நினைத்தாள். வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? உனக்கு இதைக் கட்டிக் குடுத்தது நான். கத்தினவங்களுக்கெல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்தேன். நீ வாயே திறக்கல, மிச்சத்தைத் தலையில கட்டிட்டேன்."

குசகாபே கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தப் பையின் ஜிப்பைத் தானே திறந்து கொடுத்தார்.

சிஹாரு பாறையின் மறைவில் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தாள். தன்னுடைய சொந்த ஸ்கீயைக் கழற்றினாள். நூற்று அறுபது நீளம், ஒடுக்கமானது, எடையில்லாதது. துளையைத் தொடாமல், அதன் பூட்டின் பின்பகுதியை மட்டும் ஃபுமியேயின் பூட்ஸுக்கு ஏற்பத் தடத்தில் நகர்த்தினாள். ஃபுமியேயினுடையதைத் தன் காலுக்கு நகர்த்தினாள். காற்றில் விரல் மரத்துப்போய் இரண்டு முறை திருப்புளி கீழே விழுந்தது. பத்து நிமிடத்து வேலை, இருபது நிமிடம் பிடித்தது.

கூடவே இழுத்து வந்திருந்த சறுக்குவண்டியில் இவாபுச்சியைக் கட்டி இறக்கும் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். சிஹாரு அந்த நீளமான ஸ்கீயில் இறுகிய பனி முழுக்கத் தடுமாறினாள். விழவில்லை, ஆனால் வாய்க்குள் வசைமாரி ஓயவில்லை. ஃபுமியே வண்டிக்குப் பக்கத்திலேயே, கயிறு கட்டியது போல ஒட்டிக்கொண்டு இறங்கினாள். இவ்வளவு நன்றாகச் சறுக்குவாள் என்று யாருக்கும் தெரியாது. வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அவள் ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு குசகாபேயின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு இதுதான் வேணும். நூத்தி அறுபது. இதைவிட நீளமா வாங்கினீங்கன்னா, மருந்துப் பைய வேற யாராவது தூக்கிட்டுப் போகட்டும்."

குசகாபே படிவத்தை வெளியே எடுக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க யோசித்துவிட்டு வந்தார். ஒரே ரகம், நடுத்தர அகலம், நூறு மில்லிமீட்டர், மூன்று நீளங்கள். ரகம் ஒன்று என்பதால் ஒரே வரிதான், நீளங்களை அந்த வரியிலேயே அடைத்துவிடலாம் என்றார். யார் அவசரமாக எடுத்தாலும் குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறத்தில் பட்டை ஒட்ட வேண்டும் என்பதும் அவருடைய யோசனை. சிஹாருவுக்கு முழுத் திருப்தி இல்லை. இந்த ரகம் இவாபுச்சியின் எடைக்கு மெத்தென்று இருக்கும், இறுகிய பனியில் ஆடும், அவனுக்கு மட்டும் விறைப்பான ஜோடி வேண்டும் என்றாள். குசகாபே கெஞ்சுவது போல் பார்த்தார். இவாபுச்சியோ, அதெல்லாம் ஒண்ணும் ஆடாது அக்கா, விடுங்க என்றான். அவள் விட்டுவிட்டாள். எட்டு ஜோடிக்கும் இரண்டு முறை அளந்து துளையிட்டாள்.

மார்ச் நடுவில் ஒரு நண்பகல் அழைப்பு வந்தது. தனியாகப் போன ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முகட்டுக்குக் கீழே காலை முறித்துக்கொண்டு கிடந்தார். முந்தின பகலில் இளகி, இரவில் உறைந்து, வெயிலே இல்லாத அன்று கல்லாகவே கிடந்த பனி. ஃபுமியே இரண்டாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதற்குள் சிம்பு வைத்துக் காலைக் கட்டி, ஊசியும் போட்டுவிட்டிருந்தாள். சறுக்குவண்டியின் முன்பிடியை இவாபுச்சி பிடித்துக்கொண்டான். அவனைத் தவிர வேறு யாராலும் அந்தக் கனத்தைத் தாங்கியிருக்க முடியாது. வழியெல்லாம் அவன் காலடியில் ஸ்கீ தகரக் கூரை மாதிரி அதிர்ந்தது. கீழே வந்து சேர்ந்ததும் ஸ்கீயைக் கழற்றிவிட்டுத் தொடைகளைத் தேய்த்துக்கொண்டான்.

தபால்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். குசகாபே சோற்று உருண்டைகளும் சூடான தேநீரும் கொண்டுவந்திருந்தார். இவாபுச்சி வண்டிப் படியில் உட்கார்ந்து, இந்த ஸ்கீ எனக்கு ரொம்ப மெத்துன்னு இருக்கு அக்கா, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல என்றான்.

சிஹாரு கையிலிருந்த சோற்று உருண்டையைப் பார்த்தாள். மூன்று முறை சொன்னது அவளுக்குத் தேதியோடு ஞாபகம் இருந்தது. ஃபுமியே வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். குசகாபே மெல்ல, அடுத்த வருஷப் படிவத்துல ரெண்டு வரி போட இடம் இருக்கான்னு பாக்கறேன் என்றார்.

"பாருங்க," என்றாள் சிஹாரு. பிறகு எழுந்து, எட்டு ஜோடி மயிர்ப்பட்டைகளையும் காயவைக்க வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டாள்.