கவிழ்த்து வைத்த தாச்சி

எங்கள் குசினியில், அடுப்புக்கு எதிர் மூலையில், இரும்புத் தாச்சி ஒன்று பல காலம் கவிழ்ந்து கிடந்தது. முதுகில் கரி தடித்து, விளிம்பில் துரு ஏறியிருந்தது. மத்தியானத்தில் எங்கள் வெள்ளைக் கோழி அதன்மேல் ஏறி நின்று கண்ணயரும். அம்மா அதைக் கலைக்க மாட்டார். அந்தப் பக்கம் பார்ப்பதையே அவர் விட்டுவிட்டார். நானும் அப்படித்தான். தண்ணீர் வேண்டுமென்றால் வாசலில் நின்றே செம்பை நீட்டுவேன்.

தாச்சி என்றால் பலகாரம் சுடுகிற எண்ணெய்ச் சட்டி. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால் அந்த ஆண்டு பெருநாட்களுக்கு அங்கே தாச்சி வைப்பதில்லை. அயலவர்கள் தாங்கள் சுட்டதைப் பனையோலைப் பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற வீடுகளுக்கும் பெட்டி போகும்தான். ஆனால் அந்த வீட்டாரும் சுட்டு முடித்த பிறகே போகும். அவர்கள் பலகாரத்தோடு திரும்பியும் வரும். இன்னும் தாச்சி வைக்காத வீட்டுக்குப் பெட்டி வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அண்ணை மலாயாவில் ரயில் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று புகையிலைத் தோட்டத்துக்குப் போனவன். அவர் தெல்லிப்பழையில் இங்கிலீசு படித்தவர். கலியாணம் முடித்து லீவு தீர்ந்து திரும்பியபோது, அங்கே வீடு எடுத்ததும் மனைவியை, என் மச்சாளை, கூப்பிடுவதாகச் சொல்லிப் போனார். அதற்குள் யப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான். கடிதம் நின்றது. மச்சாளுக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்களோடுதான் இருந்தார்.

அரிசியும் சீனியும் கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. மச்சாள் தன் பங்குச் சீனியைத் தொடாமல், தேத்தண்ணீரைப் பனங்கட்டியோடு குடித்து, பெருநாளுக்குச் சேர்த்து வைப்பார். எவ்வளவு இல்லாவிட்டாலும் பயற்றம் பணியாரம் சுட்டே ஆகவேண்டும். அண்ணைக்கு அதுதான் விருப்பம். வறுத்துத் திரித்த பயற்றம் மாவையும் தேங்காய்ப்பூவையும் பாகில் குழைத்து உருட்டி, அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் விடுவார். முதல் உருண்டை அடியில் போய்க் கிடந்து, பிறகு மெல்ல மேலே வரும். அது வரும்வரை மச்சாள் மூச்சு விடமாட்டார். "மிதக்குது மாமி" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தாச்சி வைக்கிற வீடு சாவு இல்லாத வீடு. அந்த வீட்டில் அவர் பொட்டு வைக்கலாம், பூ வைக்கலாம், யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

ஒரு தீபாவளிக்கு முன்பு அம்மா சாவகச்சேரியில் ஒரு சாத்திரியாரிடம் போய் வந்தார். அவர் அண்ணையின் சாதகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தாராம். அது எப்படியோ அயலுக்குத் தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு முதல்நாள் காலை, மச்சாள் பயற்றம் மாவை அரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வளவுச் சின்னம்மா பெட்டியோடு வந்தார்.

"அக்கா, இந்த முறை நான் கொஞ்சம் கூடச் சுட்டனான். நீங்கள் ஏன் கரைச்சல்படுவான்?"

மச்சாள் எழும்பி வாசலை மறித்து நின்றார். "சின்னம்மா, நாங்கள் இன்னும் தாச்சி வைக்கேல்லை. வைச்சாப்பிறகு கொண்டு வாங்கோ."

"பிள்ளை, எத்தினை நாளைக்கெண்டு உப்பிடிச் சட்டியைச் சூடாக்கிக்கொண்டு நிக்கப்போறாய்? ஊர் பாத்துப் பரிதாபப்படுகுது. உனக்குத்தான் விளங்குதில்லை."

அம்மா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ என்ன சொல்லுறாய்?"

அந்த வீட்டில் அப்போது ஆம்பிளை என்று இருந்தவன் நான் ஒருவன். வேண்டாம் என்றால் பெட்டி திரும்பிப் போயிருக்கும். பெண்கள் மூவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் பார்த்தால் எனக்குச் சொல் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் கூரை வளையைப் பார்த்தேன். அம்மா இரண்டு கைகளையும் நீட்டிப் பெட்டியை வாங்கினார். சின்னம்மா போனதும் அடுப்பில் இருந்த தாச்சியை எடுத்து மூலையில் கவிழ்த்தார்.

மச்சாள் அழவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. மாவைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு வந்து, என்னைக் கடந்து போகும்போது சொன்னார்: "தம்பி, நீராவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." அந்தப் பெட்டியில் அவர் கை வைக்கவேயில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு வந்து நான் அதிலிருந்த அரியதரத்தைத் தின்றேன். நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு எல்லாப் பெருநாளுக்கும் பெட்டி தானாக வந்தது.

சண்டை முடிந்த அடுத்த சித்திரையில், வருடப்பிறப்புக்குச் சில நாள் இருக்க, வேலிப் படலையடியில் ஒரு மெலிந்த மனிதர் வந்து நின்றார். "ஆர் வேணும்?" என்று நான்தான் கேட்டேன். "உன்ரை கொண்ணனடா" என்றார். அவர் எழுதிய கடிதம் அவருக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் சந்தோசத்தைவிடப் பயம் கூட இருந்தது என்பது எனக்கும் மச்சாளுக்கும் மட்டுமே தெரியும். அண்ணை சாப்பிடக் குசினிக்கு வந்தார். மூலையைப் பார்த்தார்.

"என்னம்மா, தாச்சியிலை கோழி குடியிருக்கு? பலகாரம் ஒண்டும் சுடுறேல்லையோ?"

அண்ணை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது.

"நான் வருமட்டும் சுடுறேல்லை எண்டு இருந்தனீங்களோ?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் நடந்ததைச் சொல்லியிருந்தால் அன்றோடு அம்மா முடிந்திருப்பார்.

"ஓம்" என்றார் மச்சாள். பிறகு கோழியை விரட்டி, தாச்சியை நிமிர்த்தி, அம்மாவின் முன்னால் வைத்தார். "மாமி, இந்த முறை நீங்களே வையுங்கோ."

அம்மா சாம்பலும் பழப்புளியும் போட்டுத் துருவை உரஞ்சினார். அவர் விட்ட முதல் பணியாரம் எண்ணெயிலேயே உடைந்து கரைந்தது. அண்ணை சிரித்தார். "அம்மாவுக்குச் சுடுறது மறந்துபோச்சு!" அம்மாவும் சிரிக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் பலகாரம் சுட்டாரே தவிர ஒன்றையும் வாயில் வைத்ததில்லை. பல் சரியில்லை என்பார்.

அண்ணை இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. சந்தை, கோயில் வீதி, சம்பந்தி வீடு எங்கேயும் சொல்வார். "அவையள் எனக்காக வாயைக் கட்டினவை" என்பார். ஒருமுறை வேலிக்கு அப்பால் நின்று சின்னம்மாவும் கேட்டார். "ஓம் ஓம், நான் கண்டனான்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது எனக்கும் தலை நரைக்கிறது. இன்றும் பெருநாள் என்றால் அண்ணை முதல் பணியாரத்தைத் தான் தின்னமாட்டார். பிள்ளைகளை விலக்கி, என்னைக் கூப்பிட்டு, என் கையில் வைப்பார். "பட்டினி கிடந்தவனுக்கு முதல் பங்கு" என்பார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். சொன்னால் செத்துப்போன அம்மாவைத்தான் காட்டிக் கொடுக்க வேண்டிவரும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறேன். பணியாரம் கையைச் சுடும். பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுப்படியில் இருக்கும் மச்சாள் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்:

"தின்னும் தம்பி. ஆறப்போகுது."