ஏழாவது பயிற்சி யாருடையது?

வாத்தியாரின் மகனும் மூத்த மாணவரும் காரைக்கால் கோர்ட்டில் பொய் சொன்னார்கள்.

எழுபதுகளில் தலத்தெரு மைதானத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு உடற்பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார் வாத்தியார். இறக்கும் முன் எழுதிய உயிலில் வீடு, கிணறு, ஏழு தென்னையோடு அந்தப் பயிற்சிகளையும் மகனுக்கு எழுதிவைத்துவிட்டார். இல்லை, என்னிடம்தான் வாயால் ஒப்படைத்தார் என்று மூத்த மாணவர் வழக்குப் போட்டார். குனிந்து நிமிர்வதை எப்படிப் பத்திரத்தில் எழுதுவது? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஏழாவது பயிற்சி என்னுடையது. சுரக்குடி வரப்பில் வழுக்கி விழுந்ததில் என் வலது முட்டி மடங்காது. அதனால் மற்றவர்கள் உட்கார்ந்து எழும்போது நான் உட்காராமல் காலை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்தேன். வாத்தியார் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே, எல்லாரும் இவர் மாதிரி செய்யுங்க" என்றார்.

கோர்ட்டில் மகன் அதை அப்பாவின் கண்டுபிடிப்பு என்றார். மாணவர் தன்னுடையது என்றார். நான் சாட்சி சொன்னேன்.

"உங்ககிட்ட பத்திரம் இருக்கா?" என்றார் வக்கீல்.

"முட்டி இருக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தீர்ப்பு வரும்வரை பன்னிரண்டுக்கும் தடை. என் வீட்டில் நான் சாய்ந்தால் குற்றமா என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியாததால் சாய்வதையே விட்டுவிட்டேன். முட்டி இறுகிப்போனது.

இருவரும் அதே மைதானத்துக்கு வரட்டும். அந்தச் சாய்வை முதலில் செய்தது யார் என்று ஊர் முன்னால் சொல்லட்டும்.