பொம்மோ பூட்டுகிறவளின் கோபம்

கார் ஓட்டுகிறவர்களின் வலது கை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குமிழை விற்பதும் காரில் பொருத்திப் பூட்டுவதும்தான் என் தொழில். கியர்த் தடியின் உச்சியில் இருக்கிறதே, அதுதான். பிரெஞ்சில் அதைப் பொம்மோ என்பார்கள், எங்கள் கடையிலும் அதற்கு வேறு பெயர் கிடையாது. காரோடு வந்ததைக் கழற்றிவிட்டுப் பளபளப்பாய் இன்னொன்று போட ஆசைப்படுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கடை லா ஷப்பெலில், ரூ பெர்தொனே என்கிற தெருவில், ஒரு நகைக்கடைக்குப் பக்கத்தில். சீற் உறை, கால் மிதிக்கும் கம்பளம், வாசனைப் போத்தல் எல்லாம் விற்கிற ஒடுக்கமான இடம். ஆறு வருசமாக அங்கே நிற்கிறேன். முதலாளி அண்ணைக்கு முழங்கால் வருத்தம், காருக்குள் குனிய மாட்டார். ஆகவே பூட்டுவது நான்தான். அவசர விளக்கு மினுங்க இரட்டை வரிசையில் நிறுத்திய காருக்குள், கால் இரண்டும் தெருவில் நீட்டியபடி. கவுண்டருக்குப் பின்னால் நின்று வாயில் வந்ததை விழுங்கிப் பழகியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கோபம் விளங்காது.

கடையில் ஆள் இல்லை

ஒருவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு, "ஒருதரும் இல்லையோ?" என்று கேட்டார்.

"நான் நிக்கிறன், சொல்லுங்கோ."

"இல்லை, பொம்மோ ஒண்டு பூட்ட வேணும். ஆம்பிளையள் ஆரும்..."

அண்ணை சாப்பிடப் போயிருந்தார். வந்தவருடைய காருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று நான் சொன்னேன். வானொலியில் வேறு நாட்டு வானிலை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலம் காத்திருந்தார். அண்ணை வந்து, "அவவிட்டைச் சொல்லுங்கோ, அவதான் பூட்டுறவ" என்ற பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடமும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மெதுவாய், பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணைக்கு எந்தக் குமிழ் எந்தத் தடிக்கு ஏறும் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். முடிந்ததும் வந்தவர் கியரை எல்லாப் பக்கமும் போட்டுப் பார்த்தார். இறங்கி, என்னைத் தாண்டிப் போய் அண்ணையின் கையைக் குலுக்கினார்.

"பரவாயில்லை அண்ணை, நல்லாய்ப் பழக்கி வைச்சிருக்கிறியள்."

மூக்கு

இன்னொருவர் புதுப் பொம்மோவை வாங்கிக்கொண்டு, "பூட்டிற வேலையை நான் வீட்டிலை பாக்கிறன், வீடியோ இருக்கு" என்று போனார். சில கார்களில் பழைய குமிழைத் திருகிக் கழற்ற முடியாது, மேலே இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இழுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அது சட்டென்று கழன்று வரும் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. அடுத்த நாள் மூக்கு வீங்கி, இரண்டு துவாரத்திலும் பஞ்சோடு வந்தார். அவருடைய காரின் பழைய குமிழ் அவரை அடித்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

"உங்கட சாமானைப் பூட்ட வெளிக்கிட்டபடியால்தானே எனக்கு மூக்கு உடைஞ்சது."

வளையம்

இங்கே ஓடுகிற பல கார்களில் கியர்த் தடியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதை விரலால் மேலே தூக்கினால்தான் ரிவேர்ஸ் விழும். முன்னுக்குப் போகும்போது தவறிப்போய்ப் பின் கியர் விழாமல் இருக்க வைத்த காவல் அது. சாமான் விநியோக வான் ஓட்டுகிற ஒருவர், தனக்குப் பிடித்த பெரிய உருண்டைப் பொம்மோவுக்கு அந்த வளையம் இடைஞ்சல் என்று, "வெட்டி விடு" என்றார். முடியாது என்றேன். கெஞ்சினார், பிறகு ஏசினார். பொம்பிளைக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நடைபாதையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கச் சொன்னார். நான் அசையவில்லை. வேறெங்கோ போய் வெட்டுவித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வானை ஒரு முட்டுச் சந்துக்குள் விட்டுவிட்டு, ரிவேர்ஸ் எடுக்க முடியாமல், நாலு பேரைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளி வெளியே எடுத்தாராம். அண்டைக்கே வெட்டக்கூடாதெண்டு சொன்னனான் என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"அப்ப ஏன் அண்டைக்கு என்னை வடிவாய் மறிக்கேல்லை?"

உருக்கு

அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர் ஒருவர், நல்ல மனிதர், முழு உருக்கில் செய்த உருண்டையைத்தான் கேட்டார். வெயிலில் சுடும், குளிரில் விறைக்கும், தோல் சுற்றியதை எடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். ஓகஸ்டில் ஒரு தடவை வந்தார். ஜனவரியில் கையுறையோடு வந்தார். இரண்டு தடவையும் நான்தான் குற்றவாளி.

"மதாம், நீங்க எனக்கு வித்தது பொம்மோவா, தெர்மோமீட்டரா?"

மூன்றாவது திருகாணி

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்கள்மேல் வந்த கோபம். இது வேறு.

வதனி கார்ஜ் லே கொனெஸ் என்கிற புறநகரில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. காலையில் ரயிலில் என் பக்கத்தில் வந்து இருப்பாள், மகனைப் பற்றிக் கதைப்பாள். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். அதில் கியர்க் குமிழின் தோல் உரிந்து கையில் ஒட்டுகிறது என்றாள். நான்தான், "கடைக்கு வாரும், மாத்தி விடுறன்" என்று சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மகனைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் எடுத்த பொம்மோவுக்குள் ஒரு குழல் இருக்கும். மூன்று சின்னத் திருகாணிகள் அதைத் தடியோடு இறுக்கிப் பிடிக்கும். இரண்டு இறுகின. மூன்றாவது சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, மரை பிடிக்கவில்லை. கடை வாசலுக்குப் போய் அண்ணையிடம் காட்டினேன்.

"அது வந்த பெட்டி முழுக்க அப்பிடித்தான். ரெண்டு பிடிச்சால் காணும். விடு, வெளியில நாலு கார் நிக்குது" என்றார்.

நான் விட்டேன். அதை அண்ணையின் தலையில் மட்டும் போட முடியாது. சாவியைக் கொடுத்து, சிரித்து, மகனுக்குக் கையும் காட்டினேன்.

திங்கட்கிழமை காலை வதனி வந்தாள். இடது கையில் பொம்மோ. வலது உள்ளங்கையில் கட்டு. சனிக்கிழமை வீட்டுக்குப் போகையில், பெருஞ்சாலைக்கு ஏறும்போது, மூன்றாம் கியரிலிருந்து நாலுக்குப் போட்டிருக்கிறாள், குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது. ஒரு கணம் அதையே பார்த்தாளாம். பின்னால் லொறி ஹோன் அடித்ததும் வெறும் தடியைப் பொத்திப் பிடித்து இழுத்து, கரைக்கு எடுத்து நிறுத்தியிருக்கிறாள். தடியின் முனை கையைக் கிழித்துவிட்டது. மகன் வீடு வரைக்கும் அழுதானாம். இதையெல்லாம் குரல் உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அண்ணை, "பலமாய் இழுத்திருப்பியள், தங்கச்சி" என்றார்.

எத்தனையோ விழுங்கியிருக்கிறேன். அது இறங்கவில்லை. "இல்லை வதனி. ஒரு திருகாணி பிடிக்கேல்லை. எனக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரியும்" என்றேன். கடையில் அப்போது மூன்று வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அண்ணை உள்ளே போய்விட்டார். நான் தெருவில் இறங்கி, அவளுடைய பழைய குமிழையே திரும்பப் பூட்டினேன். இறுகிவிட்டதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். வதனி நடைபாதையில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியை நீட்டியபோது கேட்டாள்.

"தெரிஞ்சுகொண்டோ அக்கா என்னைப் போக விட்டனீங்கள்?"

ஒரு சுற்று

அன்று மத்தியானமே அந்தப் பொம்மோப் பெட்டியைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். "கடை உன்ரையோ?" என்று அண்ணை கேட்டார். "பூட்டிற கை என்ரை" என்றேன். இனிமேல் நான் பூட்டுகிற எந்தக் காரையும் நானே ஒருக்கால் ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டேன், சனிக்கிழமை எத்தனை பேர் நின்றாலும் சரி என்று சொன்னேன். மூன்று நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. வேறு வேலை தேடவும் மனதைத் தயார் பண்ணிவிட்டேன். வதனியை இப்போதும் ரயிலில் காண்கிறேன். தலையை அசைப்பாள், ஆனால் பக்கத்தில் வந்து இருப்பதில்லை. அவளில் பிழை சொல்ல மாட்டேன்.

நாலாம் நாள் ஒருவர் வந்தார். கார் து நோர் ரயில் நிலையத்தில் ஆளை ஏற்ற வேணும், அவசரம் என்றார். பூட்டி முடித்து, ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்றேன். "என்ரை காரை நான் ஆரிட்டையும் குடுக்கிறேல்லை" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்குள் எட்டி, "அண்ணை, இவ என்ன சொல்லுறா எண்டு கேளுங்கோ" என்று முறையிட்டார். எல்லார் முன்னாலும் அண்ணை என்னை அடக்கப் போகிறார், நான் அப்படியே கடையை விட்டு நடந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அண்ணை முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அவ ஒருக்கா ஓடிப் பாக்காமல் விடமாட்டா. ஏலாதெண்டால் பழையதையே போட்டுக்கொண்டு போங்கோ."

சொந்தமாய் ஒரு சைக்கிள்கூட இல்லாத நான், ஊரான் வீட்டுக் கார்களில், பக்கத்தில் முறைத்துக்கொண்டிருக்கும் கார்க்காரர்களோடு, லா ஷப்பெலின் அதே நாலு தெருவைத் தினமும் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.