தரையில் பூத்த உப்பு

அப்பா விடிகாலையில் கண்ணை மூடினார். பட்டாபிராமில் ரயில்வே கேட்காரராக இருந்தவர். ஹூப்ளியில் வேலை பார்த்த அண்ணனுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடித்தார். நாளை மதியத்துக்கு மேல்தான் வந்து சேர முடியும் என்று பதில் வந்தது. சித்திரை வெயில். எங்கள் சபையில் அந்த மாதத்தில் யாரையும் மறுநாள் வரைக்கும் வைத்ததில்லை. அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"பெட்டிய மூடறதுக்கு முன்ன அவன் ஒரு தபா மூஞ்சிய பாக்கணும்."

பூந்தமல்லியில் சோடாக்கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, சேதி கேட்டு வந்த கையோடு பட்டணத்துக்கு ரயிலேறினார். மதியத்துக்குள் ஐந்து பெரிய ஐஸ் பாளங்கள், மரத்தூள் அப்பிய சாக்குகளில் வந்து இறங்கின. இரண்டை மட்டும் பெஞ்சில் அப்பாவின் இரு பக்கமும் வைப்போம், மிச்சம் தூளோடு சாக்கிலேயே இருக்கட்டும், கரையக் கரைய மாற்றிக்கொள்ளலாம் என்றார். தினமும் ஐஸோடு புழங்குகிறவர்.

நான் அப்போது இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். தினம் ரயிலில் போய்ப் படித்துவிட்டு வருகிறவள். அதற்கு முந்தின வாரம்தான் காலேஜில் ஐஸை உடைத்து உப்பைக் கலந்து பார்த்திருந்தோம். தர்மாமீட்டரில் பாதரசம் சைபருக்கும் கீழே சரிந்ததை என் கண்ணால் கண்டவள். பேசாமல் இருக்க முடியுமா என்னால்? எல்லாப் பாளத்தையும் உடைத்து உப்புப் போட்டால் வெறும் ஐஸைவிடப் பல மடங்கு குளிரும் என்று படபடவென்று சொன்னேன். கல்லுப்பு மூட்டையையும் இழுத்து வந்துவிட்டேன்.

"ஜில்லு ஏறும், வாஸ்தவந்தான் கண்ணு. ஆனா ஐஸு நிக்காது," என்றார் மாமா.

தர்மாமீட்டரில் பார்த்தேன் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"படிச்ச பொண்ணு சொல்லுது. அது சொல்றபடியே செய்யிடா."

சாயங்காலம் நான் சொன்னபடிதான் இருந்தது. உடைத்த ஐஸையும் உப்பையும் நிரப்பி, பெஞ்சுக்கு இரு பக்கமும் தரையில் வரிசையாக வைத்த தகரங்களின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பனி படிந்தது. பார்க்க வந்தவர்களிடம் அது ஏன் என்று விளக்கினேன். அப்பா கிடந்த அறையில் நின்றுகொண்டு ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதே வீண்.

மறுநாள் காலை தகரங்களில் தண்ணீர்தான் இருந்தது. வழிந்தது போக மிச்சம். கையை விட்டால் கிணற்றுத் தண்ணீர் அளவுக்குக்கூடக் குளிரவில்லை. சாக்குகளில் வெறும் மரத்தூள்.

உப்பு எங்கிருந்தோ குளிரைக் கொண்டு வருவதில்லை. ஐஸை அவசரமாகக் கரைக்கிறது. அந்தக் கரைச்சல் சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் குளிர்கிறது. பிறகு புஸ்தகத்தைத் திறந்து பார்த்தேன். இதுவும் அதே பக்கத்தில், இரண்டு வரி தள்ளி இருந்தது.

போதகர் வந்து பார்த்துவிட்டு, இனி தாமதிக்கக் கூடாது என்று தணிந்த குரலில் சொன்னார். பெட்டியை மூடும்போது அம்மா வெகுநேரம் குனிந்தே நின்றாள்.

"அவனுக்கும் சேத்து பாத்துக்கறேன்," என்றாள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் வழக்கப்படி வீடு கழுவக் குடங்களோடு நின்றார்கள். அம்மா குறுக்கே கையை நீட்டினாள். மகன் வரும் வரைக்கும் அந்த அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது என்றாள். குடங்களை வாசலில் இறக்கிவைத்தார்கள்.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தான். திறந்திருந்த கதவு வழியாக வெயில் உள்ளே வந்து சிமெண்டுத் தரை காய்ந்து போயிருந்தது. பெஞ்சை எடுத்துவிட்ட இடத்தில் இரண்டு பக்கமும் நீளமாக உப்புப் பூத்து நின்றது. நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தரை.

"இது இன்னா?" என்றான்.

"உப்பு. நான்தான் போடச் சொன்னேன். போடலன்னா நீ வர வரைக்கும் ஐஸு நின்னிருக்கும்."

அவன் அந்த வெள்ளைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"தல எந்தப் பக்கம் இருந்துச்சி?"

ஜன்னல் பக்கம் காட்டினேன். அங்கே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். எழுந்தபோது வியர்வையில் உப்பு ஒட்டியிருந்தது. அம்மா வாசலுக்குப் போய், குடத்தை எடுத்து வரச் சொன்னாள்.