அடுப்பு மூட்டாத சஷ்டி

பாரிஸில் பதினான்கு வருடம் பள்ளிக்கூடக் குசினியில் சமைத்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தோம். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். என்னுடைய இங்கிலிஷ்தான் இன்னும் முதலாம் வகுப்பில் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு ரெய்னர்ஸ் லேனிலிருந்து இரண்டு பஸ் ஏறி, ஹென்டனில் ஒரு யூதப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்குச் சமைக்கப் போகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் ஒரு வருடம் தங்கி நின்று தங்கள் வேதத்தைப் படிக்கும் இடம் அது. பிரான்ஸ், பெல்ஜியம், சுவிஸ் என்று பல நாடுகளிலிருந்தும் வருவார்கள். மொத்தம் நாற்பது பேர்.

நான் சமையல்காரிதான், ஆனால் அடுப்பு மூட்டக் கூடாது. அவர்களுடைய கோஷர் என்ற உணவுச் சட்டப்படி, சமைக்கிற நெருப்பை ஒரு யூதக் கை பற்றவைக்க வேண்டும். பிறகு நான் வதக்கலாம், கிண்டலாம், இறக்கலாம். முதல் நாள் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் என்ன சின்னப் பிள்ளையே, நெருப்போட விளையாட?" என்று வீட்டில் வந்து கத்தினேன். "நல்லதுதானே, கை சுடாது" என்றார் என் கணவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆனால் நியாயமாகச் சொன்னால், வாய் திறக்க எனக்குத் தகுதியில்லை. என் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சும் சட்டி வேறு, மரக்கறி மட்டும் காய்ச்சும் வெள்ளிக்கிழமைச் சட்டி வேறு. மீன் குழம்புக்குள் கிடந்த கரண்டியை மகன் ஒருநாள் வெள்ளிக்கிழமைச் சட்டிக்குள் விட்டதற்கு ஒரு கிழமை அவனோடு பேசாமல் இருந்தவள் நான்.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடம் முழுவதும் ஒரு வேலை உண்டு. அடுப்பு மூட்டும் வேலை, போன வருடம், பாரிஸிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு விழுந்தது. காலை ஏழு மணிக்கு வந்து மூட்டிவிட்டு, கதவடியில் தொங்கும் கொப்பியில் நேரம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எட்டு மணிக்கு மேற்பார்வை அம்மா வந்து கொப்பியைப் பார்ப்பார். குசினியில் கோஷர் பிசகாமல் பார்ப்பவர் அவர்தான். சிரிப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய முகம். கோவாவை உரித்து, இலை இலையாக லைட்டுக்கு முன் பிடித்துப் புழு தேடுவார். கொப்பியில் மூன்று நாள் வெறுமையாகக் கிடந்தால், பள்ளி அதிபர் தகப்பனுக்குப் போன் எடுப்பார், பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதுதான் சட்டம்.

முதல் மாதத்திலேயே இவள் இரண்டு நாள் வரவில்லை. இரண்டு நாளும் மேற்பார்வை அம்மா வந்து மூட்டி, மத்தியானச் சாப்பாடு பிந்தி, நாற்பது பிள்ளைகளும் தட்டைத் தட்டிக்கொண்டு இருந்தார்கள். மூன்றாவது தடவைக்கு இவள் ஆவலோடு காத்திருக்கிறாள் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சிநேகிதிகள் எல்லோரும் ஜெருசலேமுக்குப் படிக்கப் போக, மாமி வீடு பக்கத்தில் என்று இவளை மட்டும் தகப்பன் லண்டனுக்கு அனுப்பிவிட்டாராம். அந்தக் கோபத்தை அவள் என் அடுப்பில் காட்டினாள்.

நான் விடவில்லை. பாரிஸில் பழகிய பிரெஞ்சில் கிழித்தெடுத்தேன். அதை இங்கே என் வாய்த் தமிழிலேயே எழுதுகிறேன்.

"பிள்ளை, வீட்டை போறதெண்டால் போ. என்ர நாற்பது பேரையும் பட்டினி போட்டுட்டுப் போகாதை!"

அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள். திட்டு வாங்கியதற்காக அல்ல. "மதாம், நீங்கள் எங்கட ஊர்ப் பிரெஞ்சு கதைக்கிறியள்!" என்றாள். விசாரித்தால், இரண்டு பேரும் பாரிஸின் வடக்குப் புறநகரில் ஒரே ரயிலுக்குக் காத்து நின்றவர்கள். ஸ்டேஷனடியில் பாணும் கேக்கும் விற்கும் கடை வைத்திருந்த சிடுமூஞ்சி மனுசியை இரண்டு பேருக்கும் தெரியும். அந்த மனுசியைப் பற்றி அரை மணித்தியாலம் புறணி பேசினோம்.

அதற்குப் பிறகு ஆறு ஐம்பதுக்கே வந்துவிடுவாள். அடுப்பை மூட்டிவிட்டு உருளைக்கிழங்கு மூட்டையில் ஏறி இருந்துகொண்டு, சூப்பில் உப்புக் குறைவு என்பாள். நான் பதிலுக்கு அவளுடைய படிப்பைக் கிண்டலடிப்பேன். ஒருவனுடைய மாடு மற்றவனுடைய மாட்டை முட்டினால் நட்டம் யார் கொடுப்பது என்று வேதத்தில் இரண்டு கிழமையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மாடு இன்னும் முட்டி முடியேல்லையே?" என்று கேட்பேன்.

"மாடு எப்பவோ முட்டிட்டுது மதாம். நாங்கள்தான் இன்னும் முடிக்கேல்லை."

தை மாதம் வந்தபோது அவளுக்குப் படிப்புப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் பயமும் வந்தது. "அந்த ரெண்டு வெறுமையையும் அழிக்கேலாதே?" என்று கொப்பியைப் பார்த்துப் பார்த்துக் கேட்பாள். இன்னும் ஒரு நாள் தவறினால் போய்விட வேண்டும். இப்போது அவளுக்குப் போக விருப்பமில்லை.

அந்த மாதத்தில் ஒருநாள் ஏழு மணியாகியும் அவளைக் காணவில்லை. ஏழரை ஆயிற்று. விடுதி முற்றத்துக்கு அந்தப் பக்கம், கதவைத் திறக்க அழுத்தும் நம்பர் எனக்குத் தெரியாது. காலையில் பிள்ளைகள் விடுதியிலேயே பாலும் சீரியலும் சாப்பிடுவதால் குசினிப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். மேசை லாச்சிக்குள் லைட்டர் கிடந்தது. ஒரு சொடுக்குச் சொடுக்கி, கொப்பியில் அவளுடைய கோழிக் கிறுக்கலில் ஏழு என்று எழுதினால் முடிந்தது. லைட்டரைக் கையில் எடுத்தும் விட்டேன்.

அப்போதுதான் என் வெள்ளிக்கிழமைச் சட்டி நினைவுக்கு வந்தது. யாராவது அதில் மீன் பொரித்து, கழுவித் துடைத்து, ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? நாற்பது பிள்ளைகளும் என்னை நம்பியல்லவா வாயில் வைக்கிறார்கள். லைட்டரைத் திரும்ப லாச்சிக்குள் போட்டேன். வெள்ளரிக்காய், கரட், டின் கடலை, டின் மீன், பாண் என்று நெருப்பில்லாமல் ஆவதையெல்லாம் எடுத்து வைத்து வெட்டத் தொடங்கினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குச் சற்றுப் பிந்தி மேற்பார்வை அம்மா வந்தார். குளிர்ந்த அடுப்பைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"இண்டைக்கு எங்கட சமயத்தில விரதம். நான் நெருப்புக்குக் கிட்டவும் போகமாட்டன்" என்று என் வாய் தன் பாட்டில் முதலாம் வகுப்பு இங்கிலிஷில் சொன்னது. எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பவர் அடுத்தவரின் சட்டத்தைக் கேள்வி கேட்க மாட்டார் என்று ஒரு துணிவு.

"வருசத்தில ஒருக்காவோ, மாசத்தில ஒருக்காவோ?"

"மாசத்தில." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"இங்கிலிஷ் திகதியோ, சந்திரக் கணக்கோ?"

"சந்திரன்."

அவர் முகம் மலர்ந்தது. அவர்களுடைய மாதங்களும் சந்திரக் கணக்குத்தானாம். கைப்பையிலிருந்து கலண்டரை எடுத்து விரலால் எண்ணினார். "புதுப்பிறை மாசத்தில ஆறாம் நாள்" என்று குறித்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமாவாசை கழிந்து ஆறாம் நாள் என்றால் சஷ்டி. பாரிஸில் வேலைக்குப் போகத் தொடங்கியதோடு நான் கைவிட்ட விரதம். பொய் சொல்லப் போய் முருகனிடம் அகப்பட்டேன்.

மேற்பார்வை அம்மா கொப்பியில் அன்றைய வரிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அடுப்பு மூட்டாத நாளில பிந்தினது எண்டு ஒண்டு இல்லை" என்றார்.

ஒன்பது மணிக்கு அவள் முற்றத்தால் ஓடி வந்தாள். சப்பாத்து நாடா கட்டவில்லை, முகத்தில் இரத்தமில்லை. "இண்டைக்கு எனக்கு விரதம், அடுப்பு இல்லை" என்று ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கையில் வைத்தேன். அவள் கொப்பியில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு மூட்டையில் இருந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கண்ணீர் சலாட்டுக்குள் விழுகிறது என்று அவளை ஏசிச் சமாளித்தேன்.

பிறகு மாதாமாதம், முதல் நாளே மேற்பார்வை அம்மா வந்து சொல்லிவிடுவார்: "நாளைக்கு உங்கட விரதம்." நாற்பது பிள்ளைகளும் முனகிக்கொண்டே வெள்ளரிக்காய் தின்றார்கள். எல்லோரையும்விடக் கூடுதலாக முனகியவள் எங்கள் பாரிஸ்காரிதான். மாதாமாதம் பொய் சொல்ல முருகனுக்கு முன் வெட்கமாக இருந்ததால், நான் உண்மையாகவே விரதம் பிடிக்கத் தொடங்கினேன்.

"என்ன திடீர் பக்தி?" என்றார் கணவர்.

"வேலையில கட்டாயம்."

"யூதப் பள்ளிக்கூடத்தில சஷ்டி கட்டாயமோ?"

அவருக்கு விளங்கப்படுத்தப் போனால் விடிந்துவிடும்.

ஆனி மாதத்தில் படிப்பு முடிந்தது. கடைசி நாள் ஆறே முக்காலுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். "மதாம், பாரிஸுக்கு வந்தால் எங்கட வீட்டை வாங்கோ. நீங்கள் சமையுங்கோ, நான் மூட்டித் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உருளைக்கிழங்கு மூட்டை இருக்க ஆளில்லாமல் கிடந்தது.

அவள் போன பிறகு மனம் கேட்காமல் மேற்பார்வை அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "தை மாசம் நான் சொன்ன விரதம் பொய்."

அவர் கோவா இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். அண்டைக்கு அறை பார்க்கப் போனனான். பிள்ளை வெளிக்கிட்டு, ஒரு காலில சப்பாத்து, மற்றது கையில, அப்படியே நித்திரை. போர்த்துவிட்டிட்டு அடுப்பு மூட்டத்தான் இஞ்ச வந்தனான். நீங்கள் நெருப்பைத் தொடாமல் வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டீங்கள்."

"அப்ப ஏன் மாசாமாசம் அந்தப் பச்சைச் சாப்பாடு?"

"நீங்கள்தானே மாசத்தில ஒருக்கா எண்டனீங்கள்?" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நல்ல பல்வரிசை.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் போனில் மேற்பார்வை அம்மாவின் செய்தி வந்தது: நாளைக்கு உங்கள் விரதம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, கணவருக்குத் தேத்தண்ணி வைக்கக் கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். வைத்துவிட்டு அப்படியே நின்றேன். மூட்டக் கை போகவில்லை. கண் குசினிக் கதவைப் பார்த்தது.

"என்ன, பத்தவைக்க ஆள் வேணுமோ?" என்றார் கணவர், பின்னால் நின்று.

"ஓம்" என்றேன். "அவள் பாரிஸுக்குப் போயிட்டாள்."